மறுமொழி: ‘கிரில் கார்டு’க்குத் தமிழ்: முன்படல்? ரப்பர் வார்?

நண்பர்களுக்கு வணக்கம்.

வண்டியின் முகப்பில் மோதலைத் தாங்க மாட்டும் இரும்புச் சட்டம்தான் ‘கிரில் கார்டு’, ‘புல் பார்’ என்றும் சொல்வார்கள். அதற்கும் அதன் கம்பத்தில் பதிக்கும் ரப்பர் பட்டைக்கும் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்டிருந்தேன். மூன்று நாளாகியும், ‘புல் பார்’ என்பதை அப்படியே பெயர்த்த ‘எருதுத்தடி’யை விட்டு நாம் நகரவில்லை. காங்கயத்தில் போய் எருதுத்தடி வேண்டும் என்று கேட்டால் மாடு ஓட்டும் தார்க்குச்சியைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அதை விட்டுவிடுவோம்.

> நம் நாட்டில் தடை செய்த சாமானுக்குச் சொல் எதற்கு?

தடை உண்மைதான். மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. இதை மாட்டுவது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு முரண் என்பது அதன் சாரம். நடந்து போகிறவருக்கும் ஆபத்து, உள்ளே இருப்பவருக்கும் ஆபத்து. ஆனால் தடை செய்யவும் பெயர் வேண்டுமே? அப்புறம், நான் கேட்டதற்குக் காரணம் பெர்த்தில் இருக்கும் என் மாமன் மகன். அங்கே குறுக்கே கங்காரு பாயும், அதனால் இது சகஜம். வெயிலில் வெடித்துப்போன ரப்பரை மாற்றுவது எப்படி என்று போனில் கேட்டான். அரை மணி நேரம் விளக்கினேன். வினைமுற்று மட்டும்தான் தமிழாக இருந்தது. கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் இருந்த எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது.

> தேருக்குக் கிடுகு இருந்ததே, அதையே எடுத்துக்கொண்டால் என்னங்க?

கோபி ஐயா சொன்ன கிடுகு பொருளில் கச்சிதம். கேடயம், தேரைச் சுற்றிய காப்பு இரண்டுக்கும் அகராதி இடம் தருகிறது. ஆனால் இன்றைக்குக் கிடுகு என்றதும் கண்ணில் வருவது முடைந்த தென்னோலை. வண்டிக்கு முன்னால் ஓலை கட்டியதுபோல் ஆகிவிடும்.

என் முன்மொழிவு ‘முன்படல்’. எங்கள் பக்கம் கொறங்காட்டை, அதாவது மேய்ச்சல் காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி, நுழையும் கடவில் கதவாக ஒரு படல். சட்டமும் குறுக்குக் கம்புமாக இருக்கும்; மாட்டை நிறுத்தும், காற்றை விடும். ரேடியேட்டருக்கு முன்னால் நிற்பதற்கும் இதே இரண்டு வேலைதானே! சொன்னவுடனே வடிவம் மனதில் வந்துவிடுகிறது.

ரப்பருக்கு வருவோம். பட்டறையில் எல்லாமே ‘பீடிங்’தான். ஆனால் அது கண்ணாடி விளிம்பைக் கவ்வும் சாமான். சோப்புத் தண்ணீர் தடவி, கயிறு விட்டு இழுத்து ஏற்றுவோம். நம் ரப்பரோ முன்படலின் நிமிர்ந்த கம்பத்தின் முகத்தில் உட்கார்ந்து, உராய்வை வாங்கிக்கொள்வது. வேலை வேறு, பெயரும் வேறாக இருக்கட்டும். செருப்பு வார் எல்லாருக்கும் தெரியும். ‘ரப்பர் வார்’ போதும். ஒருவர் எழுதிய ‘வார்ப்பட்டை’ ஏற்கெனவே இடுப்பில் இருக்கிறது. இன்னொருவரின் ‘அணைவார்’ அழகுதான், ஆனால் யார் அணைவார், எதை அணைவார் என்று படிப்பவர் தேடுவார். வார் கடைசியில் ஒட்டினாலே இந்தத் தொல்லை உண்டு, பிரித்தே எழுதலாம்.

சொல் நிற்குமா என்று பார்க்க, போனில் சொன்னதையே எழுதிப் பார்த்தேன்:

“முன்படலின் காடியில் (நீளப் பள்ளத்தில்) பழைய வாரைக் கீழ்முனையில் நெம்பி உருவவும். காடிக்குள் இருக்கும் மண்ணையும் துருவையும் பழைய பல் துலக்கியால் தேய்த்து எடுக்கவும். புது வாரைக் கொஞ்ச நேரம் வெயிலில் போட்டால் இளகும். சோப்புத் தண்ணீர் தடவி, அதன் நாக்கைக் காடியில் நுழைத்துத் தள்ளவும். இழுத்து ஏற்றக் கூடாது. இழுத்த ரப்பர் பின்னால் சுருங்கி முனையில் இடைவெளி விடும். அரை விரல் கூடுதலாக விட்டு மறுநாள் நறுக்கவும். கிரீஸ், எண்ணெய் வேண்டாம், அவை பட்டால் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் உப்பிவிடும்.”

எங்கும் இடறவில்லை. காடியும் நாக்கும் தச்சர்களிடம் ஏற்கெனவே இருக்கிற சொற்கள், நாம் உண்டாக்கத் தேவையே இல்லை. காடி என்றால் புளித்த நீரும்தான் என்று யாராவது கிளம்புவீர்கள். அந்தக் காடியை யாரும் கம்பத்தில் தேட மாட்டார்கள்.

முன்படல், ரப்பர் வார் இரண்டையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன், மறுப்பு இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள். வாரின் முனையில் மாட்டும் பிளாஸ்டிக் மூடிக்கு மட்டும் எனக்குத் தெளிவில்லை. உலக்கைப் பூண் நினைவுக்கு வந்தது. ஆனால் பூண் சுற்றிப் பிடிப்பது, இது வெறும் அடைப்பு. தாராபுரத்து அண்ணன் என்ன சொல்கிறீர்கள்?