முடுக்கு அவுட்டா, கட்டாய அவுட்டா?

கோபியிலிருந்து, உடற்கல்வி ஆசிரியர்:
வணக்கமுங்க. பேஸ்பால் விதிகளைத் தமிழில் ஒரு தாளாக அடித்துத் திங்கட்கிழமை பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். ஃபோர்ஸ் அவுட், டேக் அவுட் இரண்டுக்கும் சொல் சிக்கவில்லை. அடித்தவன் முதல் பேஸுக்கு (ஓடுபவன் போய் நிற்க வேண்டிய திண்டு) ஓடிவந்தே ஆக வேண்டும். ஒரு பேஸில் இருவருக்கு இடமில்லை. அங்கே நின்றவன் இரண்டாவதற்குப் போயே தீர வேண்டும். அவனைத் தொட வேண்டியதில்லை, அவன் வந்து சேருமுன் எதிரணிக்காரன் பந்தோடு அந்தப் பேஸை மிதித்தாலே அவுட். பின்னாலிருந்து நெருக்க ஆளில்லை என்றால் ஆளையே தொட வேண்டும், அதுவும் பந்திருக்கும் கையால். நேற்று ஒரு பையன் வலக்கையில் பந்தை வைத்துக்கொண்டு இடக்கையின் வெறும் கையுறையால் தொட்டுவிட்டு அவுட் என்று குதிக்கிறான்.

பொள்ளாச்சி:
கட்டாய அவுட், தீண்டல் அவுட். முடிந்தது.

கோபி:
கட்டாயம் ஓட்டத்துக்குத்தானேங்க, அவுட்டுக்கு இல்லையே? தீண்டல் என்று பிள்ளைகளிடம் சொல்ல வாய் வரவில்லை. ‘தொடு’ போதும்.

ஈரோடு:
இலக்கணத்திலேயே விடை இருக்கிறது. ஓடு தன்வினை, ஓட்டு பிறவினை. ஆடு, ஆட்டு போல. தானாக ஓடுபவனைத் தொட வேண்டும். ஓட்டப்படுபவனுக்குப் பேஸை மிதித்தால் போதும். ஆகவே ‘ஓட்டு ஆட்டமிழப்பு’. கூட்டு, வாட்டு எல்லாம் இவ்வகையே, மாட்டு மட்டும் வேறு. மாட்டுக்கு வந்ததால் சொல்கிறேன்...

திருப்பூர்:
ஐயா, மாட்டை அப்புறம் கட்டலாம். ஓட்டு என்றால் பசங்க தேர்தலா என்பார்கள். நம்ம பக்கம் விரட்டுவதை முடுக்குவது என்போம்; நாயை முடுக்குகிறோம், ஆட்டை முடுக்குகிறோம். ‘முடுக்கு அவுட்’.

பொள்ளாச்சி:
முடுக்கம் இயற்பியல் பாடத்தில் இருக்கிறது. குழம்பும்.

நெல்லை:
எங்க ஊரில் முடுக்கு என்றால் சந்து. சந்தில் அவுட்டா?

கோபி:
ஒரு சோதனை வைத்தேன். முதல் பேஸில் ஆள் நிற்கிறான். அடித்த பந்து அந்தப் பேஸைக் காக்கும் எதிரணிக்காரன் கைக்கே போகிறது. அவன் பேஸை மிதிக்க, அடித்தவன் அவுட். இப்போது இரண்டாவதற்கு ஓடுபவனை என்ன செய்வது என்றேன். “முடுக்க ஆளில்லையே சார், தொட்டாத்தான் அவுட்” என்றாள் ஏழாம் வகுப்புப் பிள்ளை. ‘கட்டாய’ என்று சொன்ன வகுப்பில் இதற்கே அரை மணி நேரம் போயிற்று. முடுக்கு, தொடு என்றே தாளில் அடித்துவிட்டேன்.

ஈரோடு:
அச்சானால் சரியாகிவிடுமா? அவுட்டை அப்படியே விட்டுவிட்டீர்கள். ஆட்டமிழப்பு என்று கிரிக்கெட்டில் எழுதுகிறோமே. ‘மாட்டு’ பற்றித் தனி மடல் போடுகிறேன்.