டச்சுப் பாஸ்போட், படிக்கேக்க காப்புறுதி இல்லை: பிரிட்டிஷ் சிற்றிசனுக்குப் போடலாமோ?

ஹரோவாசி:
எல்லாருக்கும் வணக்கம். நான் டச்சுப் பாஸ்போட். 2013ல டென் ஹாக்ல இருந்து லண்டனுக்குப் படிக்க வந்தனான். மூண்டு வருசம் படிப்பு, பிறகு வேலை. 2019ல செட்டில்ட் ஸ்டேட்டஸ், அதுதான் பிரெக்சிட்டால ஐரோப்பியருக்குக் குடுத்த நிரந்தர வதிவிட அனுமதி, கிடைச்சிட்டுது. இப்ப சிற்றிசனுக்குப் போடுவம் எண்டால், படிச்ச காலத்தில தனியார் மருத்துவக் காப்புறுதி இல்லாட்டி விண்ணப்பத்தை நிராகரிப்பினம் எண்டு ஒரு லோயர் வெருட்டிப்போட்டார். என்எச்எஸ் எண்ட அரச வைத்தியம் இருக்கேக்க அது ஏன் எண்டு அப்ப ஆர் யோசிச்சது? 1,700 பவுண்ஸுக்கு மேல கட்டிற காசு வீணாப் போயிடுமோ? என்ர மனுசனுக்குப் பிரெஞ்சுப் பாஸ்போட், அவரும் செட்டில்ட்.

பழையலண்டன்:
லோயர் பழங்கதை சொல்றார். 2020 மேயில அந்தக் காப்புறுதியைக் கேக்கத் தொடங்கினது உண்மை. 2022 ஜூன் 28க்குப் பிறகு, செட்டில்ட் ஸ்டேட்டஸ் இருந்தால் அதைக் கிளறிறேல்லை. உங்களுக்கு அஞ்சு வருசக் கணக்குக்குள்ள படிச்ச காலம் வரவும் மாட்டுது.

நீங்கள் பாக்கவேண்டியது வேற. விண்ணப்பம் போய்ச்சேருற நாளோட முடியிற அஞ்சு வருசத்தின்ர முதல் நாள் நீங்கள் யூகேக்குள்ள நிண்டிருக்கோணும். நான் அண்டைக்குப் பாரிஸ்ல அக்கா வீட்டில. ரெண்டு கிழமை பிந்தித்தான் போட்டனான். வெளியில நிண்டது அஞ்சு வருசத்தில 450 நாள், கடைசி வருசத்தில 90 நாள், அதுக்கு மேல போகக்கூடாது. எங்கட பாஸ்போட்டில முத்திரை இல்லையே, பழைய யூரோஸ்டார் டிக்கெட்டெல்லாம் ஈமெயிலுக்கை தோண்டி எடுத்தனான்.

ஐந்தோவன்அக்கா:
தங்கச்சி, காப்புறுதியை விடுங்கோ. டச்சுக்காரர் தானா விரும்பி வேற நாட்டுக் குடியுரிமை எடுத்தால் டச்சுக் குடியுரிமை போயிடும். ஜேர்மன்காரருக்கு 2024 ஜூன்ல அந்தத் தடையை எடுத்திட்டினம், எங்களுக்கு இன்னும் இருக்கு. ஆனா கலியாணம் கட்டினவர் பிரிட்டிஷ் எண்டால் டச்சு போகாது. பிரான்ஸ் ரெட்டைக் குடியுரிமையை விடும். அதால அவர் முதல் போடட்டும். விழாவில உறுதிமொழி எடுத்த பிறகுதான் அவர் பிரிட்டிஷ், வெறும் கடிதம் வந்தால் காணாது. அதுக்குப் பிறகு நீங்கள் போடுங்கோ.

ஹரோவாசி:
ஐயோ அக்கா, அடுத்த கிழமை காசு கட்ட இருந்தனான்! டச்சு போனால் டென் ஹாக்ல அம்மாவோட போய் நெடுக இருக்கவும் வதிவிட அனுமதி கேக்கவேண்டி வந்திருக்குமே. இவருக்குச் சிற்றிசனுக்கு எழுதவேண்டிய அந்த லைஃப் இன் த யூகே பரீட்சை எண்டால் தலையிடி. எட்டாம் ஹென்றி ராசா எத்தினை பேரைக் கட்டினவன் எண்டது எனக்கேன் எண்டு புத்தகத்தை மூடி வைச்சிருக்கிறார்.

பழையலண்டன்:
24 கேள்வி, 18 சரி வந்தால் பாஸ். ஆறு பேர் எண்டு சொல்லிவிடுங்கோ.