உத்திரமேரூரில் மரபுநடை, குடவோலை செய்துகாட்டல், ஊர்ப்பொருள் கண்காட்சி: யோசனை தேவை

ஏரிக்கரை:
நவம்பர் 19–25 உலக மரபு வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உத்திரமேரூரில் மரபுநடை வைக்கிறோம். 60 பேர் வருவார்கள், பாதி மாணவர்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைக் காட்டிவிட்டு, குடவோலை முறையை (சோழர் காலத்தில் ஊர்ச்சபை வாரியங்களுக்குக் குடத்தில் ஓலை போட்டு ஆள் தேர்ந்த முறை) நடத்தியும் காட்ட எண்ணம். எதில் சறுக்கும்?

கல்லெழுத்து:
முதலில் மாதம். நவம்பர் அந்தப் பக்கம் அடைமழைக் காலம். நாளை மாற்ற முடியாதென்றால் பள்ளிக்கூட மண்டபத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஜனவரி கடைசிக்குத் தள்ளுவதே மேல்.

60 பேரை ஒரே கூட்டமாகச் சுவர் முன்னால் நிறுத்தினால் பின்வரிசைக்கு முதுகுதான் தெரியும். இருபது இருபதாகப் பிரித்து, 20 நிமிட இடைவெளியில் அனுப்புங்கள். எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதையும் தடவ விடாதீர்கள். டார்ச்சை நேராக அடித்தாலும் எழுத்து மறைந்துதான் போகும். சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் வெட்டுக்குள் நிழல் விழும், எழுத்து எழுந்து நிற்கும். நிழலான இடத்தில்தான் இது எடுபடும். மைப்படி (கல்லெழுத்தைக் காகிதத்தில் மையால் ஒற்றி எடுப்பது) எடுக்க முன் அனுமதி வேண்டும். அது தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள கோயில்.

வாயோலை:
குடவோலையைக் கோயிலுக்குள் நடத்த வேண்டாம், பள்ளியில் வையுங்கள். அன்றைய ஊரின் 30 குடும்புக்கும் (குடும்பு என்றால் இன்றைய வார்டு போல) நடத்தினால் பிள்ளைகள் கலைந்துவிடுவார்கள். 6 குடும்பு, குடும்புக்கு 5 பெயர் போதும். பச்சை ஓலை நறுக்கு சுருண்டுகொள்ளும். இரண்டு நாள் பாரம் வைத்துக் காயவிட்டு எழுதுங்கள். குடும்புவாரியாகக் கட்டி, மேலே வாயோலை (எந்தக் குடும்பின் கட்டு என்று காட்டும் ஓலை) சேர்த்து, குடத்தில் போட வேண்டும். குடம் இரண்டு வேண்டும், இரண்டும் அகன்ற வாய். தண்ணீர்க் குடத்தில் கட்டோடு கை சிக்கிக்கொள்ளும்.

விவரம் அறியாத சிறுவன் ஓர் ஓலைக்கட்டை எடுக்கிறான். அதைப் பிரித்து இரண்டாவது குடத்தில் போட்டுக் குலுக்கியதும் ஓர் ஓலையை எடுத்து நடுவரான மத்யஸ்தனிடம் தருகிறான். மத்யஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்குவார். ஓலையை ஒளித்து மாற்றவில்லை என்பதற்கு அந்த விரிந்த கையே சாட்சி. இதை விட்டுவிடாதீர்கள், பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

வழிகாட்டிகள் தவறும் இடம், தேர்வுக்கு நிற்பவரின் வயது. முதல் பராந்தகனின் 919 கல்வெட்டில் 30 முதல் 60; 921 கல்வெட்டில் 35 முதல் 70. இரண்டையும் குழப்பக் கூடாது. 'உலகின் முதல் ஜனநாயகம்' என்று பேனர் அடிக்கும் ஆசையையும் அடக்குங்கள். அது பிராமணர் சபை. காணிநிலமும் சொந்த மனையும் வேதப் பயிற்சியும் கேட்டது. கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் நிற்க முடியாது என்ற விதியைச் சொன்னாலே கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

ஏரிக்கரை:
நன்றி. கண்காட்சிக்குச் செப்புக்காசு, ஏட்டுச்சுவடி, மரக்கால் தருவதாகச் சிலர் சொல்கிறார்கள்.

பழம்பொருள்:
ஒவ்வொரு பொருளுக்கும் புகைப்படம் ஒட்டிய ரசீது 2 பிரதி: இருக்கும் விரிசல், உடைசலை அதிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இல்லாவிட்டால் திருப்பித் தரும்போது சண்டைதான். காசைப் புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவருவார்கள். முன்கூட்டியே தடுத்துவிடுங்கள், மேல்படலத்தோடு எழுத்தும் போய்விடும். சுவடியை எச்சில் தொட்டுப் புரட்ட விடக் கூடாது. கயிற்றை இறுக்கினாலும் ஓலை துளையிலிருந்து கிழியும். மண்ணில் கிடைத்த புதையலை மேசையில் வைக்காமல் தாசில்தாரிடம் சொல்லுங்கள், 1878 புதையல் சட்டம் இன்றும் உண்டு.

தொட்டுப் பார்க்க ஒரு மேசை தனியாக: ஆழாக்கு, உழக்கு, படி, மரக்கால், ஒரு மூட்டை நெல். 8 ஆழாக்கு ஒரு படி, 8 படி ஒரு மரக்கால் என்று பிள்ளைகளே அளந்து பார்க்கட்டும். அடியில் தார்ப்பாய் விரிக்க மறக்க வேண்டாம்.

கல்லெழுத்து:
நடையை ஏரிக்கரையில் முடியுங்கள். பழைய பெயர் வயிரமேகத் தடாகம். குலுக்கலில் வந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர (ஆண்டு) வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், மிச்சம் 6 பேர் ஏரி வாரியம். அந்த ஆறு பேரின் வேலையை ஏரியைப் பார்த்துக்கொண்டே சொல்லலாம்.