நிவாரணக் குடோன் பொறுப்பு தலையில் விழுந்திருக்கிறது, எங்கிருந்து தொடங்குவது?

லாஸ்பேட்டை கதிர்:
மழை தொடங்கும் முன்பே எங்கள் தன்னார்வலர் குழுவில் வேலையைப் பிரித்துவிட்டார்கள். குடோனும் வண்டியும் என் பொறுப்பாம். நான் படித்தது பி.காம். ஃபெஞ்சல் புயல் சமயத்தில் பாகூர் பக்கம் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கப் போனதோடு சரி. அடிப்படை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முதுநகர் கணக்கர்:
தம்பி, நான் கடலூர் முதுநகரில் மளிகை மொத்த வியாபாரக் குடோனில் கணக்கு எழுதுகிறவன். புயல் வந்தால் பாதி இடம் நிவாரணச் சாமானுக்குப் போய்விடும். சரக்கு சேர்ப்பது பெரிய வேலையே இல்லை, சனங்கள் அள்ளிக் கொடுப்பார்கள். போய்ச் சேரும் இடத்தில் யார் இறக்குவார்கள், எங்கே வைப்பார்கள் என்று கேட்காமல் வண்டியை எடுக்காதே.

தண்ணீரையே பார். ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் என்கிறது ஸ்ஃபியர் கையேடு, நிவாரண வேலைக்கு உலகம் முழுக்க வைத்திருக்கும் அளவுகோல் புத்தகம் அது. குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து. முகாமில் 500 பேர் என்றால் 7,500 லிட்டர். குட்டியானையில் ஒரு லிட்டர் பாட்டில் 12 கொண்ட பெட்டி 60 ஏற்றினாலும் 720 லிட்டர்தான். ஆக, டேங்கர் லாரிதான் கதி. சரி, டேங்கர் போய் நிற்கிறது, அந்தப் பள்ளிக்கூடத்தில் சின்டெக்ஸ் இல்லை. குடம் குடமாகப் பிடித்து முடிகிறவரை வண்டி அங்கேயே கிடக்கும், அடுத்த ஊர்க்காரன் உன்னைத் திட்டுவான். சின்டெக்ஸ் முதலில் போகட்டும்.

2011 தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் சாய்ந்து வழியை அடைத்துக்கொண்டன. அந்த மாதிரி நாளில் அரிசி லாரிக்கு முன்னால் போக வேண்டியது மரம் அறுக்கும் மிஷின்.

மூட்டையைக் கட்டை மேல் அட்டி போடு, சுவரை ஒட்டாமல் ஆள் நடக்க வழி விடு. பிஸ்கட், பால் பவுடரில் எதற்குக் காலாவதித் தேதி முந்துகிறதோ அது முதலில் வெளியே போகட்டும். ஒவ்வொரு வண்டிக்கும் மூன்று பிரதி சலான். ஒன்று உன்னிடம், இரண்டு டிரைவரிடம். இறக்குகிறவர் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு ஒன்றைத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்தச் சீட்டு வராதவரை சரக்கு போய்ச் சேரவில்லை என்றே கணக்கில் வை.

பழைய துணி வேண்டவே வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு ரோட்டோரம் குவிந்து கிடந்ததை எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

காலாப்பட்டு வாசி:
அண்ணன் சொன்னதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால், ஐ.நா. உலக உணவுத் திட்டம் முன்னின்று நடத்தும் லாஜிஸ்டிக்ஸ் கிளஸ்டர் (நிவாரணச் சரக்கு வேலையை ஒருங்கிணைக்கும் கூட்டமைப்பு) போட்டிருக்கும் கையேடு இணையத்தில் இலவசம். ஆங்கிலத்தில் இருக்கிறது. கிடங்கு, போக்குவரத்துப் பகுதிகளை முதலில் படியுங்கள், விமானச் சரக்கெல்லாம் இப்போதைக்கு வேண்டாம்.

லாஸ்பேட்டை கதிர்:
நன்றி அண்ணா. தெரிந்தவர்களே துணி மூட்டையோடு வாசலில் வந்து நின்றால் எப்படி வேண்டாம் என்பது?

முதுநகர் கணக்கர்:
வேண்டாம் என்று சொல்லாதே. துவைத்து, ஆண், பெண், பிள்ளைகள் என்று அளவு வாரியாகப் பிரித்து, கட்டின் மேல் எழுதிக் கொண்டு வரச் சொல். பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள். கொண்டு வருகிறவர்களின் துணி நிஜமாகவே நன்றாக இருக்கும், வாங்கிக்கொள்.