முன்பின் தெரியாதவரிடம் அவருடைய கைக்கடிகாரத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுக்கலாமா?

நொடிமுள்:
உணவகத்தில் பக்கத்து மேசைக்காரர் தம் கைக்கடிகாரத்தைப் பற்றி விசாரித்ததை அத்துமீறல் என்று ஓர் அன்பர் சென்ற வாரம் இங்கே எழுதியிருந்தார். அதை மறுப்பதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன். கடிகார ஆர்வம் உள்ளவர்கள் அப்படிப் பேச்சுக் கொடுப்பதில் தவறில்லை. கொடுக்கத்தான் வேண்டும் என்று கூடச் சொல்வேன்.

நம் நாட்டுக் கடிகாரங்களின் வரலாறு பெரும்பாலும் மனிதர்களிடம்தான் இருக்கிறது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1961-இல் பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய ஹெச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூடுவதென்று 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. எந்த மாடல் எந்த டயலுடன் எப்போது வந்தது என்பதைச் சேகரிப்பாளர்கள் இன்றும் பழைய விளம்பரங்களையும் கல்யாணப் பரிசு ரசீதுகளையும் வைத்துத்தான் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்த நிலையில், எதிர் இருக்கையில் ஹெச்.எம்.டி.யின் பைலட் மாடலையோ ஜனதா மாடலையோ கட்டியிருக்கும் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இறங்கிப் போவது எனக்கு இழப்பாகத் தோன்றுகிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். தருமபுரியிலிருந்து ஓசூர் வழியாகப் பெங்களூர் செல்லும் ரயிலில் ஒருவர் டைட்டன் எட்ஜ் கட்டியிருந்தார். 2002-இல் வந்த அந்தக் கடிகாரத்தின் மொத்தத் தடிமனே 3.5 மில்லிமீட்டர்தான், உள்ளே இருக்கும் மெஷின் 1.15 மில்லிமீட்டர். "இவ்வளவு மெல்லியதற்குச் செல் மாற்றுவது சிரமமாக இல்லையா, சார்?" என்று கேட்டேன். அவர் டைட்டனின் ஓசூர் ஆலையில் அசெம்பிளிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவராம். கண்ணுக்குத் தெரியாத தூசு ஒன்று உள்ளே உட்கார்ந்தாலும் அத்தனை ஒல்லியான மெஷினில் முள் எப்படித் தட்டி நின்றுவிடும் என்பதைத் தம் கைக்குட்டையை மடித்து மடித்து விளக்கினார். எந்தப் புத்தகத்தில் எனக்கு அது கிடைக்கும்?

தனிவழி:
தங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன், நொடிமுள் அவர்களே. ஆனால் கருத்தை ஏற்க இயலவில்லை. கைக்கடிகாரம் மேசை மேல் வைத்த பொருள் அன்று, ஒருவருடைய உடம்பில் இருப்பது. தாங்கள் கேள்வி கேட்கும் முன்பே அவருடைய கையை வெகுநேரம் உற்றுப் பார்த்திருக்கிறீர்கள் என்பது கேட்ட அந்தக் கணத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடுகிறது. பிறகு அவர் என்ன பதில் சொன்னாலும் அது பார்க்கப்பட்டவரின் பதில்தான்.

இரண்டாவது, நம் ஊரில் பேச்சு முதல் கேள்வியோடு நிற்பதில்லை. "என்ன மாடல்?" என்பதற்கு அடுத்தது "என்ன விலை?", அதற்கடுத்தது "எங்கே வேலை?", பிறகு சொந்த ஊர், பிறகு பிள்ளைகளின் சம்பளம். உணவகத்திலாவது எழுந்து போகலாம்; முன்பதிவு செய்த ரயில் இருக்கையிலிருந்து எங்கே போவது?

என் சித்தப்பா மகன் ஒருவனுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். வளைகுடாவிலிருந்து வாங்கி வந்த சீக்கோ 5 கட்டியிருந்தான். அங்கே விற்கப்பட்டவற்றில் கிழமை காட்டும் சாளரத்தில் ஆங்கிலத்தோடு அரபியும் உண்டு. அவன் அதை அரபியிலேயே விட்டிருந்தான். பேருந்தில் ஓர் ஆர்வலர் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி துபாயா, சவுதியா? எப்போது திரும்பப் போகிறீர்கள்?" என்று கேட்டார். அவனோ மாதக்கணக்கில் சம்பளம் வராமல், கடனோடு ஊர் வந்து சேர்ந்தவன். கேட்டவர் நல்லவர்தான், கடிகாரத்தைச் சரியாகவே படித்தார். ஆனால் அதன் வழியே அவர் படித்தது அவனுடைய வாழ்க்கையை. மறுநாள் முதல் அவன் அதைக் கட்டவில்லை.

நொடிமுள்:
தங்கள் தம்பியிடம் கேட்கப்பட்டது கடிகாரத்தைப் பற்றிய கேள்வியே அன்று. கடிகாரத்தைச் சாக்காக வைத்து ஆளைப் பற்றிக் கேட்ட கேள்வி. அந்த வேறுபாட்டைத்தான் நான் வற்புறுத்துகிறேன். மெஷினைப் பற்றிக் கேட்டால், பதிலும் மெஷினைப் பற்றியதாக இருக்க வாய்ப்புண்டு.

வெகுநேரம் உற்றுப் பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. நொடி முள் நொடிக்கு ஒரு முறை துள்ளினால் அது செல்லில் ஓடும் குவார்ட்ஸ். சாவி கொடுக்கும் பழைய ஹெச்.எம்.டி. மணிக்கு 18,000 துடிப்பு என்பதால் நொடிக்கு ஐந்து சிறு எட்டுகளாக நகரும். பழகிய கண்ணுக்கு ஒரு பார்வை போதும். "இதற்குத் தினமும் காலையில் சாவி கொடுக்கிறீர்களா, இரவிலா?" என்று கேட்டுப் பாருங்கள். விலையும் இல்லை, வேலையும் இல்லை, ஊரும் இல்லை. விருப்பமில்லாதவர் "காலையில்" என்று சொல்லிவிட்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார், பேச்சு அங்கேயே முடிந்தது. விருப்பமுள்ளவர் கடிகாரத்தைக் கழற்றியே கையில் கொடுத்துவிடுவார்.

விலை உயர்ந்தவற்றை மட்டும் கேட்பவன் என்றும் என்னை எண்ண வேண்டாம். 1989-இல் வந்த கேசியோ எஃப்-91டபிள்யூ இன்றும் மலிவாகக் கிடைக்கும் கடிகாரம். கோயம்பேட்டில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் அதன் வார் அறுந்துபோனதால் நைலான் கயிற்றால் பின்னிக் கட்டியிருந்தார். அந்தப் பின்னலைப் பற்றி நாங்கள் பேசிய பேச்சு, எந்த ரோலெக்ஸ்காரரோடும் எனக்கு அமைந்ததில்லை.

முல்லைக்கொடி:
இரு தரப்பும் ஒரு விஷயத்தைத் தொடாமலே கடந்து செல்வதால் எழுதுகிறேன். இதுவரை சொல்லப்பட்ட உதாரணங்களில் கேட்டவரும் கேட்கப்பட்டவரும் ஆண்கள். கடிகாரம் சேகரிக்கும் பெண்களும் உண்டு, நான் ஒருத்தி. என் அம்மா ஆசிரியை. அந்தக் காலத்து ஆசிரியைகளும் செவிலியர்களும் பலர் செய்ததுபோல டயலை மணிக்கட்டின் உட்பக்கமாகத் திருப்பிக் கட்டுவார்கள். அம்மாவுடைய சிறிய ஹெச்.எம்.டி. சுஜாதாவை நானும் அப்படியே கட்டுகிறேன். உட்பக்கம் திரும்பியிருக்கும் டயலைப் பார்த்துவிட்டு ஒருவர் என்னிடம் கடிகாரத்தைப் பற்றிக் கேட்கிறார் என்றால், அவர் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார் என்ற கேள்வி எனக்கு முதலில் வருகிறது. "இரவிலா, காலையிலா" என்ற தங்கள் நுட்பமான கேள்வியை, நொடிமுள் சார், இரவு நேரப் பேருந்தில் தனியாக வரும் ஒரு பெண்ணிடம் அறிமுகமில்லாத ஆண் ஒருவர் கேட்பதாக எண்ணிப் பாருங்கள்.

அதற்காகத் தனிவழி அவர்கள் சொல்வதுபோல் யாரும் யாரிடமும் கேட்கக்கூடாது என்றும் நான் சொல்லவில்லை. எனக்கு எரிச்சல் தருவது வேறொன்று. பேசத் துணிகிறவர்களும் "அப்பாவுடையதா, கணவர் வாங்கிக் கொடுத்ததா?" என்றே தொடங்குகிறார்கள். நானே தேடி, நானே பேரம் பேசி, நானே சர்வீஸுக்குக் கொடுத்து வாங்கியதாக இருக்கலாம் என்பது எவருக்கும் தோன்றுவதில்லை. கடிகார விற்பனைக் கூடத்திலும் இதே கதைதான் என்பது தனி வழக்கு, அதை இங்கே இழுக்கவில்லை. பேச விரும்புகிறவர் முதலில் தம்முடைய கடிகாரத்தைப் பற்றி ஒரு வரி சொல்லட்டும். எனக்கு விருப்பமிருந்தால் என் கையை நானே திருப்பிக் காட்டுவேன். கேள்வியில் தொடங்குவதுதான் எனக்கு ஒவ்வாதது.

தேம்சுக்கரை:
லண்டனிலிருந்து ஒரு குறிப்பு. இங்கே விலையுயர்ந்த கைக்கடிகாரங்களைப் பறிப்பது பெருகியதால், காவல்துறையினரே அத்தகைய கடிகாரங்களைக் கட்டிக்கொண்டு இரவில் சோஹோ தெருக்களில் மாறுவேடத்தில் நடந்து கள்வரைப் பிடித்தார்கள். அறிமுகமற்ற ஒருவர் நெருங்கி "நல்ல வாட்ச்" என்று சொன்னால் கடிகாரம் கட்டியிருப்பவருக்கு நெஞ்சு திக்கென்கிறது. பலர் சட்டைக் கையை இழுத்து மூடிக்கொள்கிறார்கள். நான் இங்கே இப்போது கடிகாரப் பேச்சைக் கண்காட்சிகளிலும் கடைகளிலும் மட்டுமே வைத்துக்கொள்கிறேன். தருமபுரி ரயிலுக்கு இது பொருந்தாது என்றால் மகிழ்ச்சியே.

பணிமேசை:
மதுரையில் கடிகாரம் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன், என் தகப்பனார் காலத்துக் கடை. பேசலாமா கூடாதா என்பதில் நான் நொடிமுள் பக்கமே. என் மேசைக்கு முன்னால் காத்திருக்கும் முகம் தெரியாத இருவர் ஒருவர் கடிகாரத்தை ஒருவர் வாங்கிப் பார்த்துப் பேசிக்கொள்வது தினமும் நடப்பதுதான். ஆனால் வழியில் பேசுகிற ஆர்வலர்களால் என் மேசைக்கு வந்து சேரும் துயரம் ஒன்று உண்டு. அதை எவரும் எழுதவில்லை.

ஒரு பெரியவர் தம் பைலட்டை எடுத்துக்கொண்டு வந்தார். மாமனார் கல்யாணத்துக்குப் போட்டது, மெஷினில் உராய்வைக் குறைக்கும் கல் 17, கறுப்பு டயல். பேருந்தில் யாரோ ஒரு தம்பி ஆசையாக வாங்கிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது ரீடயல், ஒரிஜினல் இல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டாராம். ரீடயல் என்றால் பழைய டயலுக்குப் புதிதாகப் பூச்சுப் பூசி எழுத்துகளை மறுபடி போட்டது. கண்ணில் லென்ஸை மாட்டிப் பார்த்தேன். அந்தத் தம்பி சொன்னது உண்மைதான்: எழுத்துகள் ஒரு சுற்றுத் தடித்திருந்தன, நிமிடக் கோடுகளில் சில விளிம்பை விட்டு நகர்ந்திருந்தன, ஆறுக்குக் கீழே பூச்சு மேடாக நின்றது. ஆனால் பின் மூடியைத் திறந்தால் மெஷின் அதே மெஷின், கேஸ் அதே கேஸ். வேர்வையும் மழைத் தண்ணீரும் இறங்கி டயல் கொப்புளித்தால் புதிதாகப் பூசிக் கொடுப்பது அந்தக் காலத்துக் கடைகளில் சாதாரண வேலை. அதில் ஏமாற்று எதுவும் இல்லை. இன்று இணையத்தில் தொழிற்சாலை ஒருநாளும் அச்சிடாத நிறங்களில் டயல் போட்டுப் பழையது என்று விற்கிறார்களே, அது வேறு. இந்த வேறுபாட்டைச் சொல்ல அந்தத் தம்பிக்கு நேரமில்லை. பெரியவருக்கோ மாமனார் போலியைக் கொடுத்துவிட்டார் என்ற எண்ணம் மனதில் விழுந்துவிட்டது. நான் எவ்வளவு எடுத்துச் சொல்லியும், "அசல் டயல் ஒன்று தேடிப் போடு" என்பதிலேயே நின்றார்.

ஆகவே என் கேள்வி: பேச்சுக் கொடுக்கிற ஆர்வலர், கேட்காமலே தீர்ப்பும் சொல்லலாமா?

நொடிமுள்:
கூடாது. தமக்குத் தெரியும் என்பதைக் காட்டிக்கொள்ளப் பேசுகிறவரை நானும் ஆதரிக்கவில்லை. உரியவரே "இது அசலா?" என்று கேட்டால் சொல்லலாம், அப்போதும் பணிமேசை ஐயா சொன்ன விளக்கத்தோடுதான் சொல்ல வேண்டும். விலைக்கு வாங்கப் போகும் நிலையில் அவர் இருந்தால் கேட்காமலும் சொல்லலாம், ஏனெனில் அங்கே மௌனம் அவருக்குப் பண நட்டம். மற்றபடி, கல்யாணத்துக்கு வந்த கடிகாரத்தின் டயலில் கோடு விலகியிருப்பது அவருக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

முல்லைக்கொடி அவர்கள் சொன்ன முறையை, அதாவது முதலில் தம் கடிகாரத்தைப் பற்றிச் சொல்லித் தொடங்குவதை, நான் ஏற்கிறேன். பெண்களிடம் மட்டும் அல்ல, எல்லோரிடமும் அதுவே நல்லது.

தனிவழி:
அப்படியானால் தாங்கள் முதலில் வைத்த வாதம் என்னாகிறது? பெரியவர்களிடம் பேசினால் வரலாறு கிடைக்கும் என்றீர்கள். டயல் மாற்றப்பட்டது என்று தெரிந்தும் வாய் திறக்காமல், "இந்த டயலோடு அந்த ஆண்டில் வாங்கினேன்" என்று அவர் சொல்வதைக் குறித்துக்கொண்டால், கிடைப்பது பிழையான வரலாறு. உண்மையைச் சொன்னாலோ அவர் மனம் நோகிறது. தகவலுக்காகப் பேசுகிறீர்களா, அளவளாவுவதற்காகப் பேசுகிறீர்களா என்பதைத் தாங்கள் முடிவு செய்ய வேண்டும். வெறும் அளவளாவல் என்றால், வானிலையைப் பற்றியே பேசிவிட்டுப் போகலாம். எவருடைய மணிக்கட்டும் நடுவில் வர வேண்டியதில்லை.

நொடிமுள்:
இரண்டுக்கும்தான். டயல் மாறியது என் குறிப்பேட்டில் இருக்கட்டும், அவர் காதில் விழ வேண்டாம். கடை எது, வாங்கிய ஆண்டு எது, ரசீது உண்டா என்பவை ரீடயலால் மாறிவிடுவதில்லை.

முல்லைக்கொடி:
அந்தக் குறிப்பேட்டில் புகைப்படமும் சேருமானால், எடுக்கும் முன் கேளுங்கள் சார். என் கையின் படம், என்னைக் கேட்காமல் எடுக்கப்பட்டு, ஒரு கடிகாரக் குழுவில் வந்ததை நானே பார்த்திருக்கிறேன். வளையலை வைத்து அடையாளம் கண்டேன்.

தனிவழி:
நான் சொல்ல வந்ததை முல்லைக்கொடி அவர்கள் என்னைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்கள். என் நிலை மாறவில்லை.

பணிமேசை:
அந்தப் பெரியவருக்கான பைலட் டயலை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். மறுபூச்சுப் படாத கறுப்பு டயல், ஒளிர் புள்ளிகள் உதிர்ந்திருந்தாலும் பரவாயில்லை. உங்களில் யாரிடமாவது இருந்தால் இங்கேயே சொல்லுங்கள்.