கேலிக் (Gaelic) கால்பந்து வீரர்களின் தன்வரலாறுகள்: எதை வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. அயர்லாந்தின் பாரம்பரிய ஆட்டமான கேலிக் கால்பந்தில் ஆடி ஓய்வுபெற்ற வீரர்களின் தன்வரலாறுகளை யாராவது படித்திருக்கிறீர்களா? காசு போட்டு வாங்கும் அளவுக்கு அவற்றில் சரக்கு இருக்கிறதா?

இந்த ஆட்டத்தில் சம்பளம் கிடையாது. டப்ளினின் குரோக் பார்க் மைதானத்தில் 82,000 பேருக்கு முன்னால் இறுதிப்போட்டி ஆடியவர், சில நாளில் பள்ளிக்கூடத்துக்கோ வங்கிக்கோ வேலைக்குத் திரும்பிவிடுவார். பெரும்பாலும் சொந்த ஊர் கிளப், சொந்தக் கவுன்ட்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) அணி என்றே ஆட்டக்காலம் முடிந்துவிடும். அந்த வாழ்க்கையை உள்ளிருந்து எழுதினால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ரொம்ப ஆசை.

அர்மா கவுன்ட்டி அணியின் ஒஷீன் மெக்கான்வில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 2002 அகில அயர்லாந்து இறுதியில், கெர்ரி கவுன்ட்டிக்கு எதிராக, இடைவேளைக்குச் சற்று முன் பெனால்டியைக் கோட்டைவிட்டார். இரண்டாம் பாதியில் அவரே கோல் அடித்தார்; அர்மா முதன்முறையாகக் கோப்பையை வென்றது. அந்தக் காலத்தில் சூதாட்டப் பழக்கம் தன்னை எப்படி ஆட்டிவைத்தது என்பதைப் பிற்பாடு மறைக்காமல் சொன்னார். அந்த மாதிரி மனம்திறந்த எழுத்துதான் எனக்கு வேண்டும்.

ஆட்டம் ஆட்டமாக ஸ்கோரை ஒப்பித்துவிட்டு, கூட ஆடிய எல்லாரையும் பாராட்டி முடிக்கும் புத்தகங்கள் வேண்டாம். விளையாட்டுத் தன்வரலாறுகளில் அதுதான் அதிகம்.

மேயோ கவுன்ட்டியின் கோரா ஸ்டான்டன் போன்ற வீராங்கனைகள் எழுதியவற்றைப் படித்தவர்கள் அவசியம் சொல்லுங்கள். ஆட்ட விதிகள் தெரியாதவருக்கும் புரியுமா? மின்னூலாகக் கிடைத்தால் இன்னும் நல்லது, அயர்லாந்திலிருந்து தபால் செலவு கட்டுப்படியாகாது.