புதுப்பிப்பு: ஓசூர் பட்டறையின் பிரஸ் மெஷின் கேம் எஞ்சினுக்குள் வந்துவிட்டது

ஓசூரில் எங்கள் சிறிய பட்டறையின் பிரஸ் மெஷினின் கேட் (CAD) மாடலை, அதாவது கணினியில் வரைந்த முப்பரிமாண வடிவமைப்பை, புதியவர்களுக்குப் பயிற்சி தர, காசு செலவில்லாமல் கேம் எஞ்சினுக்கு (வீடியோ கேம் உருவாக்கும் மென்பொருளுக்கு) கொண்டுபோக முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். முடிந்தது. மென்பொருளுக்கு ஒரு ரூபாய்கூட ஆகவில்லை.

மாடல் இருந்த ஸ்டெப் (STEP) கோப்பை ஃப்ரீகேட் என்ற இலவச கேட் மென்பொருளில் திறந்து மெஷ் ஆக்கினேன், அதாவது பரப்பை முக்கோணங்களின் வலையாக மாற்றினேன். முதலில் மேற்பரப்பு விலகலை (மெஷ் அசல் பரப்பிலிருந்து எவ்வளவு விலகலாம் என்ற அளவை) 0.01 மி.மீ. என வைத்தது தப்பு. முக்கோணங்கள் குவிந்து லேப்டாப் திணறியது. 0.5 வைத்தேன், கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. அதைவிடப் பெரிய சுமை போல்ட்டுகளின் மரை. நிஜமாகச் செதுக்கிய மரையை எடுத்துவிட்டு வெறும் உருளை வைத்தால் போதும். ஆனால் அதை மெஷ் ஆக்கும் முன்பே, ஃப்ரீகேடிலேயே செய்துவிடுங்கள். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளுக்குப் போன பிறகு ஒவ்வொன்றாகத் தேடி அழிப்பது பெரும்பாடு, இரண்டு இரவு போனது எனக்கு.

அப்புறம் அளவு. ஃப்ரீகேடில் மில்லிமீட்டர், பிளெண்டரில் மீட்டர். 0.001 மடங்காகச் சுருக்கி, ஜிஎல்டிஎஃப் (glTF) என்ற முப்பரிமாணக் கோப்பாகச் சேமித்தேன். நான் எடுத்துக்கொண்ட கேம் எஞ்சினான கொடாட் அதை நேரடியாக ஏற்றுக்கொண்டது.

வளைந்த பரப்புகளில் நிழல் இன்னும் திட்டுத்திட்டாக விழுகிறது. நார்மல்களை (பரப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று காட்டும் திசைகளை) சரிசெய்து கொண்டிருக்கிறேன். நேற்று ஐடிஐ முடித்துவந்த தம்பி ஒருவர் திரையிலேயே பாதுகாப்புக் கதவை மூடி மெஷினை ஓட்டிப் பார்த்தார்.